‘எங்கள் காட்டில் பிடித்த முயல் எங்களுக்குச் சொந்தமில்லையா?’

வறண்ட மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் உணவக உரிமையாளர் ஆறு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்பது ஆண்டுகளாக மெஸ் நடத்துகிறார். உணவுப் பாதுகாப்புப் பதிவு மனைவியின் பெயரில் இருக்கிறது. மனைவியின் தம்பிக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம். கடலையும் துவரையும் போடுகிறார். கன்னி என்ற நாட்டு இனத்து வேட்டை நாய்கள் இரண்டு வைத்திருக்கிறார், வலை கட்டவும் தெரிந்தவர். மூன்று மாதங்களாக வாரத்துக்கு நான்கைந்து முயல்கள் மெஸ்ஸுக்கு வருகின்றன. தோலுரித்து, மஞ்சள் தடவி, எட்டுத் துண்டாக வெட்டி, மாமியார் பக்குவத்தில் மிளகு வறுவல். பலகையில் எழுதுவதில்லை. பழகியவர்கள் மட்டும் ‘இன்றைக்கு மு உண்டா?’ என்று கேட்பார்களாம். கணக்கு நோட்டிலும் ‘மு – 3’, ‘மு – 5’ என்றுதான் எழுதுகிறார்கள்.

இப்போது நகரத்திலிருந்து ஒரு சமையல் ஒப்பந்தக்காரர், ஞாயிறுதோறும் 15 கிலோ சுத்தம் செய்த பச்சைக் கறி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதை நம்பிப் பழைய ஃப்ரீசர் ஒன்றையும் வாங்கிவிட்டார். அவருடைய கேள்விகள் மூன்று. பதிவுச் சான்றில் முயல் கறியைச் சேர்த்துக்கொண்டால் போதுமா? பட்டா நிலத்தில், பயிரைத் தின்னும் முயலைப் பிடிப்பது எப்படித் தவறாகும்? தவறென்றால், பில்லில் ‘பண்ணை முயல்’ என்று போட்டுவிடலாமா?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் அவர் எழுத உட்கார்ந்த காரணம் தெரிகிறது. சென்ற வாரம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து ‘மு’ கேட்டுச் சாப்பிட்டிருக்கிறார், இலையைப் படம் எடுத்திருக்கிறார், செல்பேசி வழியாகப் பணம் செலுத்திவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. ஃப்ரீசரில் இன்னும் ஆறு கிலோ இருக்கிறது. நாய்களை விற்றுவிட வேண்டுமா என்று மைத்துனரும் கேட்கிறாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நாளை காலை அடுப்புப் பற்ற வைக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முயலை நிறுத்துங்கள். குறைத்துக்கொள்வதோ, பழகியவர்களுக்கு மட்டும் கொடுப்பதோ வேண்டாம். ஒப்பந்தக்காரரிடம் ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். காரணங்களை அடுக்கி நீளமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம். அதுவும் நாளைக்கு ஒரு தாளாக உங்கள் முன்னால் வந்து விழும்.

உங்களை ஏமாற்றியிருப்பவை நாம் அன்றாடம் பேசுகிற இரண்டு சொற்கள். ஒன்று, காடு. மானாவாரி நிலத்தை நாம் காடு என்றுதான் சொல்கிறோம். ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் களை எடுக்கவோ ஏர் ஓட்டவோ போயிருக்கிறார் என்று பொருள். ஆகவே ‘அரசாங்கக் காட்டில் நுழைந்து பிடித்தால்தான் வழக்கு, இது எங்கள் காடு’ என்ற வாதம் உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் வருகிறது. மற்றொன்று, முயல். கூண்டில் கேரட் தின்னும் வெள்ளை முயலையும் கடலைக் கொல்லையில் துள்ளி ஓடுகிற பழுப்பு முயலையும் தமிழ் ஒரே பெயரால் அழைக்கிறது. சட்டமும் விலங்கியலும் அவற்றை இரண்டாகத்தான் பார்க்கின்றன.

உங்கள் மைத்துனர் பிடித்துவருவது பிடரியில் கறுப்புத் திட்டுள்ள இந்தியக் காட்டு முயல். அது வளை தோண்டாது. புல்லுக்கிடையில் தன் உடல் அளவுக்கு ஒரு பள்ளம் அழுத்திக்கொண்டு படுத்திருக்கும். குட்டி பிறக்கும்போதே உடம்பில் மயிர் இருக்கும், கண் திறந்திருக்கும். பண்ணை முயல் ஐரோப்பிய வழி வந்தது. அதன் குட்டி மயிரின்றி, கண் மூடிப் பிறக்கும். கறியிலும் வேறுபாடு உண்டு. காட்டு முயலின் தசை கருஞ்சிவப்பாகவும், பண்ணை முயலுடையது கோழிக் கறியைப் போல வெளிறியும் இருக்கும். பல வருடம் சமைத்த உங்கள் மாமியார் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். சோதனைக்கு வருகிற வனச்சரகருக்கும் அதே கண் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

நிலம் உங்களுடையது, முயல் அல்ல

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்பதன் 9ஆவது பிரிவு, அட்டவணைகளில் உள்ள காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. காட்டு முயல் முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டை எங்கே நடந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. பட்டா, புறம்போக்கு, ஏரிக்கரை எதுவானாலும் தடை ஒன்றுதான். இடம் பார்ப்பது தண்டனையைக் கூட்டுவதற்காகத்தான். சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ பிடித்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. காப்புக்காட்டுக்குள் என்றால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

‘மச்சான் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை, வலைதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேட்டை என்றாலே துப்பாக்கி என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள் மிக விரிந்தது. வலை கட்டுவது, கண்ணி வைப்பது, நாயை விட்டு விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது எல்லாம் வேட்டையே. இவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. முயல் தப்பித்து ஓடிவிட்ட இரவும் குற்றம் நடந்த இரவுதான்.

உங்கள் தாத்தா உரிமம் வாங்கி முயல் வேட்டைக்குப் போனார் என்ற குடும்பக் கதையை நான் நம்புகிறேன். சிறு விலங்கு வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் வழக்கம் அப்போது சட்டத்திலேயே இருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. கோயில் வழக்கம், பாரி வேட்டை என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். வழக்கம் எவ்வளவு பழையதானாலும் 9ஆவது பிரிவிலிருந்து அதற்கு விலக்கு இல்லை.

பயிர்ச் சேதத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முளைத்து நான்கு இலை விட்ட துவரையை ஒரே இரவில் வரிசையாகக் கடித்துப்போட்ட நிலத்தில் மறுநாள் காலை போய் நிற்பவனின் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 11ஆவது பிரிவின்படி, நிற்கும் பயிருக்கு ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாடத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ, காரணத்தைக் குறிப்பிட்டு, எழுத்து மூலம் அனுமதி தரலாம். ஆனால் அந்த அனுமதியோடு கொன்றாலும் அதன் உடல் அரசின் சொத்து. பயிரைக் காப்பாற்றக் கொடுக்கும் அனுமதியை வைத்து வறுவல் போட முடியாது. முயலுக்கு இந்த அனுமதி கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். வரப்போரம் வலைவேலி போடுவதுதான் நடைமுறைக்கு ஆகும். மின்வேலிப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அதில் முயல் மட்டும் சாவதில்லை.

‘சாலையில் லாரி அடித்துக் கிடந்ததை எடுத்து வந்தோம் என்று சொன்னால்?’ என்று ஒரு வரி, அடிக்கப்பட்டும் படிக்க முடிகிற நிலையில், உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. சட்டம் எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள். 39ஆவது பிரிவு, இறந்து கிடந்த காட்டு விலங்கையும் தவறுதலாகக் கொல்லப்பட்டதையும் அரசின் சொத்து என்றே சொல்கிறது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும்.

அடுப்பில் ஏற்றுவது தனிக் குற்றம்

கடிதம் முழுக்க நீங்கள் மைத்துனருக்காகத்தான் கவலைப்படுகிறீர்கள். ‘பிடிக்கிறவன் அவன், நான் சமைத்துப் போடுகிறவன்’ என்ற தொனி. என் கவலை உங்கள் மேல், உங்களைவிட அதிகமாக உங்கள் மனைவியின் மேல்.

44ஆவது பிரிவை நம் உணவகக்காரர்கள் யாரும் படித்திருப்பதாகத் தெரியவில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல், உணவு விடுதியில் காட்டு விலங்கின் இறைச்சியைச் சமைக்கவோ பரிமாறவோ கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. ‘உணவு விடுதி’ என்பதற்குக் காசு வாங்கிக்கொண்டு உண்பதற்கு ஏதேனும் பரிமாறும் எந்த இடமும் என்று விளக்கமும் கொடுக்கிறது. அந்தப் பண்டத்துக்கென்று தனியாகப் பணம் வாங்கினீர்களா, சாப்பாட்டோடு சேர்த்து வாங்கினீர்களா என்பது பொருட்டில்லை. ‘முயலுக்குக் காசு வாங்கவில்லை, சாப்பாட்டுக்குத் தொடுகறியாக வைத்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாமல் அந்த வாசலையும் அடைத்திருக்கிறார்கள். ‘இறைச்சி’ என்ற சொல்லுக்கும் பச்சையாக இருந்தாலும் சமைத்ததாக இருந்தாலும் என்று சேர்த்தே பொருள் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உணவுப் பாதுகாப்புப் பதிவில் எதைச் சேர்த்தாலும் பயனில்லை. அது சுத்தம், கலப்படம், சுகாதாரம் பற்றிய பதிவு. தடை செய்யப்பட்ட பொருளை விற்க அது உரிமை தராது. அப்படியானால் 44ஆவது பிரிவு சொல்கிற உரிமத்தை வாங்கிவிடலாமே என்று உடனே கேட்பீர்கள். வேட்டையே தடை என்றான பிறகு, உரிமத்துக்கான முயல் சட்டப்படி எங்கிருந்து வரும்?

மனைவியைப் பற்றிச் சொன்னேன். பதிவு அவர் பெயரில், பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில், கல்லாவில் உட்காருபவரும் அவர். வழக்கு என்று வந்தால் கடையின் உரிமையாளர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அவருக்கு இந்த மூன்று மாத வியாபாரத்தில் விருப்பமே இல்லை என்றும், ‘அம்மா பக்குவம் வீணாகிறதே என்பதற்காகத்தான் சமைத்துக் கொடுத்தாள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

சட்டப்படி அனுமதி பெற்றவரிடமிருந்து அன்றி இப்படிப்பட்ட இறைச்சியை வாங்குவதை 49ஆவது பிரிவு தடை செய்கிறது. மைத்துனரிடமிருந்து வாங்குகிற நீங்களும் அதற்குள் வருகிறீர்கள், நகரத்து ஒப்பந்தக்காரரும் வருவார்.

தண்டனை என்ன? பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 திருத்தத்துக்கு முன்பு அபராதத்தின் உச்சம் 25,000 ரூபாயாக இருந்தது. ‘வனத்துறையில் பணம் கட்டிவிட்டு வந்துவிடலாம்’ என்று உங்கள் நண்பர் சொன்னது 54ஆவது பிரிவு சொல்கிற இணக்கக் கட்டணத்தை. அதன் உச்சவரம்பும் 25,000 ரூபாயிலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்துவிட்டது. அது அலுவலரின் விருப்பத்துக்கு உட்பட்டது. நீங்கள் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, உதாரணமாகச் சரணாலயத்துக்குள் நடந்த வேட்டைக்கு, அந்த வழியே கிடையாது. முயல் கொண்டுவந்த இருசக்கர வாகனத்தையும் வலையையும் கைப்பற்றுவார்கள். வழக்கு முடியுமுன் வாகனத்தை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வழி உண்டு. 2008இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மானாவாரி விவசாயிக்கு வண்டியில்லாமல் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு அபராதம்தான்.

‘பண்ணை முயல்’ என்று எழுதிவிட்டால்?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். நீங்கள் ஒருபடி மேலே போய், முயலுக்குப் பெயரையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மூன்று காரணங்களுக்காக அது நடக்காது. முதலாவது, மசாலா எதையும் மறைக்காது. ஹைதராபாத்தில் உள்ள லாகோன்ஸ் ஆய்வகம், வண்டலூரில் உள்ள வன உயிரின ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் மரபணுச் சோதனை மூலம் இறைச்சி எந்த விலங்குடையது என்று கண்டுபிடிக்கிறார்கள். சமைத்த துண்டிலிருந்தும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். இரண்டாவது, 57ஆவது பிரிவு. சாதாரணக் குற்ற வழக்கில் எல்லாவற்றையும் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். இங்கே, காட்டு விலங்கின் இறைச்சி உங்கள் வசம் இருந்தது என்று அவர்கள் காட்டிவிட்டால் போதும். அது சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். பண்ணை பில் ஒன்றுகூட இல்லாமல் எதைக் காட்டுவீர்கள்? மூன்றாவது, பொய்யான பில் இன்னொரு தவறைச் சேர்க்கும். இதுவரை செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக் கொஞ்சம் இரக்கம் கேட்கலாம். பெயரை மாற்றி எழுதிய பில் கையில் கிடைத்த பிறகு அந்தப் பேச்சே எடுபடாது. ‘மு’ என்ற ஓர் எழுத்தே ஏற்கெனவே பாதி கெடுத்து வைத்திருக்கிறது. கோழிக்கு முழுப் பெயர், மீனுக்கு முழுப் பெயர், இதற்கு மட்டும் ஓர் எழுத்து ஏன் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தாலும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சில சாலையோரக் கடைகள் பண்ணை முயலைச் சமைத்துக்கொண்டு, ஆசை காட்டுவதற்காகக் ‘காட்டு முயல்’ என்று பலகை வைக்கின்றன. அது வனத்துறையைத் தாம்பூலம் வைத்து அழைப்பது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பின்னால் பண்ணை முயலுக்கு மாறினால் அந்தச் சபலம் உங்களுக்கும் வரும்.

ஃப்ரீசரில் இருக்கும் ஆறு கிலோ

கடிதத்திலேயே மிகக் கடினமான இடம் இதுதான். ‘ராத்திரியோடு ராத்திரியாகக் குழி தோண்டிப் புதைத்துவிடவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். புதைக்கச் சொல்லவோ எரிக்கச் சொல்லவோ மாட்டேன். அரசின் சொத்தாகிவிட்ட இறைச்சியை எழுத்து மூலமான அனுமதியில்லாமல் அழிப்பதையும் 39ஆவது பிரிவு தடை செய்கிறது. சாட்சியத்தை மறைப்பது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆவது பிரிவின் கீழ் தனிக் குற்றம். நோட்டின் பக்கங்களைக் கிழிப்பதும் செல்பேசியில் உள்ள உரையாடலை அழிப்பதும் அப்படியே. அதை விற்பதோ, வீட்டில் சமைத்துத் தீர்ப்பதோ இன்னும் மோசம்.

அதற்காக நீங்களே பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கு ஓட வேண்டும் என்றும் பொதுவெளியில் நான் சொல்ல முடியாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. 39ஆவது பிரிவோ தகவல் சொல்லச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நடப்பது என்பது உங்கள் வழக்கின் நுணுக்கங்களைப் பொறுத்தது. உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் குற்ற வழக்குகள் நடத்தும் ஒருவரை இன்றோ நாளையோ நேரில் பாருங்கள். முழுதையும் சொல்லுங்கள். வழக்கறிஞரிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே காவல் போட்டிருக்கிறது. அவர் வழியாக, எழுத்து மூலம், மாவட்ட வன அலுவலரை அணுகுவது பற்றி முடிவெடுங்கள். சோதனைக்கு முன்பாக, விற்பனையை நிறுத்திவிட்டு, தானாக முன்வந்தவரை நீதிமன்றமும் அலுவலரும் பார்க்கும் பார்வை வேறு. முன்ஜாமீன் தேவையா என்பதையும் அவரே சொல்வார். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால், காவல் நிலையத்திலேயே ஜாமீன் கிடைத்துவிடும் என்ற நினைப்போடு இருக்க வேண்டாம்.

படம் எடுத்துப்போனவர் யார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. வனத்துறை ஆளாகவும் இருக்கலாம், சாப்பாட்டை நண்பர்களுக்குக் காட்டும் பழக்கமுள்ள வழிப்போக்கராகவும் இருக்கலாம். இரண்டாமவரால் ஆபத்து குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். காணொளி போட்டவரும் மாட்டி, அதில் முகம் தெரிந்தவர்களும் மாட்டிய செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். அவரைத் தேடிப்பிடித்து ‘படத்தை அழித்துவிடுங்கள்’ என்று கெஞ்சவோ மிரட்டவோ கூடாது.

ஒருவேளை நாளையே சோதனைக்கு வந்துவிட்டால்? தடுக்காதீர்கள், ஓடாதீர்கள், சமையலறைக் கதவைச் சாத்தாதீர்கள். வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலைப் படித்த பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வன அலுவலரிடம் கொடுத்தது அப்படியல்ல. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர் உங்கள் முன்னிலையில் பதிவு செய்த சாட்சியத்தை வழக்கில் பயன்படுத்த 50ஆவது பிரிவு இடம் தருகிறது. அதனால் வழக்கறிஞரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பணிவாகக் கேட்டாலும் அது உரிமைதான்.

மிளகு வறுவலைக் கைவிட வேண்டியதில்லை

பழைய ஃப்ரீசருக்குப் போட்ட பணம் வீணாகிறதே என்று புலம்பியிருக்கிறீர்கள். வீணாக வேண்டியதில்லை. பண்ணை முயல் வன உயிரினச் சட்டத்தின் அட்டவணைக்குள் வராது. அதை வளர்க்கலாம், வாங்கலாம். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்கள் அங்கே இருக்கின்றன. நீலகிரியின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும் முயல் வளர்ப்பில் பெயர் பெற்றது. வேட்டையில் தேர்ந்த உங்கள் மைத்துனருக்குக் கூண்டு வளர்ப்பு சப்பென்று இருக்கலாம். ஆனால் முப்பத்தொரு நாளில் குட்டி ஈனும் பிராணி அது. கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்த மையங்கள் மலையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. முயலுக்கு வெயில் ஆகாது. உங்கள் மாவட்டத்துக் கோடையில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் இனப்பெருக்கம் நின்றுபோகும், சாகவும் செய்யும். கூரையும் காற்றோட்டமும் பார்க்காமல் கூண்டுக்குப் பணம் போட வேண்டாம். அடுத்தது, ‘குட்டி நாங்கள் தருகிறோம், வளர்த்துக் கொடுத்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்று வருகிறவர்கள். ஈமு கோழியில் போட்டு இழந்த பணத்தைத் தேடி நீதிமன்றத்துக்கு நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விற்பதற்கு உங்களுக்குச் சொந்தமாக ஒரு மெஸ் இருக்கிறது, யாருடைய ஒப்பந்தமும் தேவையில்லை.

மெஸ்ஸில் பரிமாறத் தொடங்குமுன், பதிவில் என்னென்ன வகை உணவு இருக்கிறது என்று பாருங்கள். சமைத்துப் பரிமாறுவது ஒரு வகைத் தொழில்; பச்சைக் கறியை வெட்டிப் பொட்டலம் கட்டி நகரத்துக்கு அனுப்புவது வேறு. அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். எங்கே அறுக்கலாம் என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் உள்ளாட்சி அமைப்பிலும் எழுத்து மூலம் கேட்டு, பதிலை எழுத்து மூலமே வாங்குங்கள். பண்ணையிலிருந்து உயிரோடு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் தேதியிட்ட பில் வேண்டும். முன்பு இப்படி ஒரு பெயர் எடுத்த கடை என்பதால், முதல் சில மாதங்கள் வந்திறங்கும் முயல்களைக் கூண்டோடு படம் எடுத்து வைப்பது நல்லது. 57ஆவது பிரிவு உங்கள் தலையில் வைக்கிற பாரத்தை இறக்க அந்த பில்களும் படங்களும்தான் உதவும். பலகையில் முழுப் பெயராகப் ‘பண்ணை முயல் வறுவல்’ என்று எழுதுங்கள். ‘மு’ கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது கறி இல்லை, திருட்டு ருசி.

மைத்துனரின் கேள்விக்கு வருகிறேன். நாய்களை விற்க வேண்டாம். கன்னி வளர்ப்பது குற்றமில்லை, கண்ணி வைப்பதுதான் குற்றம். ஆனால் வேட்டை பழகிய நாய் இரவில் அவிழ்ந்து போய் முயலைக் கவ்விக்கொண்டு வாசலில் வந்து நின்றால், ‘நாய் பிடித்தது, நான் பிடிக்கவில்லை’ என்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வரும். இந்தச் சூழ்நிலையில் அதை யாரும் நம்ப மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் கட்டிப்போடச் சொல்லுங்கள். வலையைப் பற்றி மட்டும் அவரும் உங்கள் வழக்கறிஞரிடம் நேரில் கேட்கட்டும்.